மணல்திட்டில் நின்ற நீல்ரேகா

ஆம்பூரில் கடலைப் பற்றிப் பேசுகிறவனைக் கொஞ்சம் மேலும் கீழுமாகத்தான் பார்ப்பார்கள். பாலாற்றில் ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் தண்ணீர் ஓடினாலே வேலைவெட்டியைப் போட்டுவிட்டுப் பாலத்தில் போய் நிற்கிற ஊர் இது. இந்த ஊரில் பிறந்துவிட்டு, கடலோரக் காவல் படையின் ரோந்துப் படகு ஒன்றில் ஒன்பது வருஷம் இன்ஜின் அறையில் குப்பை கொட்டியவன் ஜெஸ்டன். படகின் பெயர் நீல்ரேகா. அது தெற்கே ஒரு மணல்திட்டில் ஏறி மாட்டிக்கொண்டபோது அவன் அதில் இல்லை. மச்சினி ஃபீபியின் நிச்சயதார்த்தத்துக்காக லீவில் வந்து, பந்தியில் கேசரி பரிமாறிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து ஊரே திரண்டு வந்து அவனுக்கு வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

வந்தவர்களையும் குறை சொல்ல முடியாது. கப்பல் கவிழ்ந்துவிட்டதாம், நம்ம சாமுவேல் மகன் மட்டும் தப்பித்துக்கொண்டானாம் என்று கதை கிளம்பியிருந்தது. கவிழவில்லை, தரை தட்டியிருக்கிறது, ஆட்கள் எல்லோருமே பத்திரம் என்று அவன் ஒவ்வொருவரிடமும் விளக்கினான். அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்றார்கள். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் சூப்பர்வைசர், நறுக்கென்று பேசுகிறவள். அவள்கூட ஒரு டம்ளர் காபியை முழுசாகக் குடித்துவிட்டு, அவனுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவனிடம் கேட்காதவர்கள் ஆம்பூரில் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

ஜெஸ்டனின் அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்த மகன் ஏதாவது ஒரு டேனரியில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தார். மகனோ யாரிடமும் சொல்லாமல் பரீட்சை எழுதிவிட்டு வந்து நின்றான். கூடச் சேர்ந்த பையன்களில் பாதிப்பேர் முதல் தடவை இன்ஜின் அறைக்குள் இறங்கியதும் டீசல் வாடையிலும் வெக்கையிலும் வாந்தி எடுத்தார்கள். பச்சைத்தோல் வாடைக்கு நடுவில் சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தவனுக்கு அது ஒரு வாடையாகவே படவில்லை. இவன் எங்கே இருந்து வருகிறான் என்று மேலதிகாரி விசாரித்தாராம். நீல்ரேகாவில் அவனுக்கு இடம் கிடைத்ததே அப்படித்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோதே நீல்ரேகா புதுசு இல்லை. வெள்ளை உடம்பில் காவியும் நீலமுமாகச் சாய்த்துப் போட்ட பட்டைக்கு அடியில் எத்தனை பூச்சு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ரெண்டு இன்ஜின். இடதுபக்கத்து இன்ஜின் சாது, எழுப்பினால் எழுந்துகொள்ளும். வலதுபக்கத்துக்கு எப்போது பார்த்தாலும் ஒரு நொட்டை. குளிர்ந்திருந்தால் கிளம்பாது, சூடானால் அடங்காது. அதோடுதான் ஜெஸ்டன் ஒன்பது வருஷம் மல்லுக்கட்டினான். திட்டினான், கெஞ்சினான், அதன் பக்கத்திலேயே துண்டு விரித்துத் தூங்கினான்.

அந்தப் படகு சும்மா இருந்ததில்லை. கடல் அட்டை கடத்துகிறவர்களின் வேகப்படகைத் துரத்தியிருக்கிறது. வழிதவறி எல்லை தாண்டப் போன மீனவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பி, அதற்காக அவர்களிடமே வசவு வாங்கியிருக்கிறது. புயலில் இன்ஜின் நின்றுபோன விசைப்படகுகளைக் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. ஒரு தீவிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. இன்ஜின் சத்தத்தில் அழுகைச் சத்தமே கேட்கவில்லை என்று ஜெஸ்டன் இன்றைக்கும் சொல்வான். இவ்வளவையும் ஊரில் சொன்னால், மீன் நிறையக் கிடைக்குமா என்று கேட்பார்கள்.

வீட்டில் மட்டும் படகுக்கு ஒரு மரியாதை இருந்தது, அதுவும் வேறு மாதிரி. மனைவி கிரேஸி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துகூட முடியவில்லை, புயல் எச்சரிக்கை என்று அவனைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் நீல்ரேகாவுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். போன் பண்ணும்போதெல்லாம், "சக்களத்தி எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவாள். ஒரு வருஷம் குடும்பத்தார் படகைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். கிரேஸி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் இன்ஜின் அறைக்கே இறங்கிவிட்டாள். அப்போதுதான் நிறுத்தியிருந்த வலதுபக்கத்து இன்ஜின்மேல் அவன் அவள் கையைப் பிடித்து வைத்தான். அவள் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்று, "காய்ச்சல் அடிக்குது இதுக்கு," என்றாள். பொறாமையும் கேலியுமாகத்தான் சொன்னாள், ஆனாலும் ஜெஸ்டனுக்கு அன்று வயிறு நிறைந்துபோயிற்று.

அப்படிப்பட்ட படகு மாட்டிக்கொண்ட செய்தி கேசரி வாளியோடு நின்றவனுக்கு வந்தது. அழைத்தது ராஜேஷ். ராணிப்பேட்டைக்காரன், அதே இன்ஜின் அறையில் அவனுக்கு அடுத்த ஆள். வடகிழக்குப் பருவக்காற்று கொந்தளித்துக்கொண்டிருந்த காலை அது. பழுதாகி நின்ற ஒரு விசைப்படகை நீல்ரேகா இழுத்து வந்திருக்கிறது. அலையில் கயிறு அறுந்து, படகைத் தள்ளுகிற வலதுபக்கத்து விசிறியில் சுற்றிக்கொண்டது. ஒற்றை இன்ஜினில் சமாளித்துக்கொண்டிருந்தபோது காற்று ஆழமில்லாத பக்கமாகத் தள்ளிவிட்டது. அங்கே தண்ணீரோடு மணலும் சேர்ந்து உள்ளே ஏற, இன்ஜினைக் குளிர்விக்கிற குழாய்கள் அடைத்துக்கொண்டு இடதுபக்கமும் நின்றுபோனது. மீனவர்களையும் நீல்ரேகாவின் ஆட்களையும் வேறொரு கப்பலும் ஹெலிகாப்டரும் வந்து தூக்கிவிட்டன. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சாய்ந்தபடி நீல்ரேகா மட்டும் மணல்மேல் தனியாகக் கிடந்தது.

சனிக்கிழமை பௌர்ணமி. அன்றைக்குக் கடல் நன்றாக ஏறும், அப்போது இழுவைக் கப்பலை வைத்து மணலிலிருந்து இழுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று ராஜேஷ் சொன்னான். ஜெஸ்டனுக்கு அதற்கு அப்புறம் ஒன்றும் காதில் ஏறவில்லை. இழுக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும், இதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்யப் போகிறான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வீட்டு ஆளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது வாசலில் நிற்கிறவன் என்ன செய்துவிடுகிறான், அதுபோலத்தான்.

அதிகாரிக்குப் போன் போட்டான். அவர் நல்ல மனுஷர், கத்தவில்லை. லீவை நீட்டியிருக்கிறோம், வீட்டிலேயே இரு, விசாரணைக்கு வேண்டுமென்றால் கூப்பிடுவோம் என்றார். டியூட்டியில் வந்து சேர்ந்துகொள்கிறேனே என்று ஜெஸ்டன் இழுத்தான். படகு இல்லாமல் எதில் வந்து சேருவாய் என்று அவர் நிதானமாகக் கேட்டார். மறுநாள் மறுபடி போட்டான். அதற்கு மறுநாளும் போட்டான். மூன்றாவது தடவை அவர் எடுக்கவில்லை, அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ராஜேஷை அழைத்தான். படகில் இருந்தவர்கள் எல்லோரையும் விசாரணைக்குச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். இழுக்கிற வேலை முழுக்க வேறு ஆட்களாம். கரையிலிருந்து அந்தத் திட்டு தெரியக்கூடத் தெரியாது, போனால் அலையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கணும் என்றான். ஜெஸ்டன் அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

"நான் இருந்திருந்தா வெளிய கொண்டாந்திருப்பேனாடா?"

"இல்லண்ணா. வடிகட்டிய ரெண்டு தடவ மாத்தி மாத்திப் போட்டோம். மணலு வந்துக்கினே இருந்துச்சு. நீ இருந்திருந்தாலும் இதே கதிதான்."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான் பாவம். உன்னால்தான் போச்சு என்று திட்டியிருந்தால்கூட ஜெஸ்டன் தாங்கியிருப்பான். அவன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றால், ஒன்பது வருஷம் அங்கே அவன் யார்? ரயில் வந்தது, நின்றது, போனது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தவனைப் பார்த்து ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், ஊரோடே இருந்துடு தம்பி, இனிமே அந்தப் பேஜாரெல்லாம் எதுக்கு என்றார்.

பள்ளிக்கூடத்துத் தோஸ்த் ஜியாவுல்லா தோல் பினிஷிங் யூனிட் வைத்திருக்கிறவன். அவன் ஒரு சட்டி நிறைய பிரியாணி அனுப்பிவைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தான். நண்பன் உயிர் தப்பியதற்காம். அவனிடமாவது மனசைத் திறந்து பேசலாம் என்று ஜெஸ்டன் ஆரம்பித்தான். ஜியாவுல்லாவும் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டான். தோலைப் போட்டுச் சுழற்றுகிற தன்னுடைய பழைய மர டிரம் ஒருநாள் பிளந்துபோனபோது ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றுகூடச் சொன்னான். பரவாயில்லை, இவனுக்குப் புரிகிறது என்று ஜெஸ்டன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வுடு, கவர்மெண்ட்டு வேற போட்டு குடுப்பாங்க. இதவிட பெருசா, புதுசா," என்று முடித்தான் ஜியாவுல்லா. ஜெஸ்டன் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தான்.

இதில் யாராவது ஒருத்தர் வந்து துக்கம் கேட்டிருந்தால் போதும். அவன் எதிர்பார்த்தது அவ்வளவுதான். அப்பா செத்தபோது சுண்ணாம்புத் தொட்டிக்காரர்கள் வெந்த கையோடு வரிசையாக வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து பேசாமல் போனார்கள். எங்கே கிளம்பினாலும் 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். 'போறேன்' என்றால் வீட்டில் திட்டு விழும். துக்க வீட்டில் மட்டும் 'வர்றேன்' என்று சொல்லக் கூடாது, ஒன்றும் சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். இப்போது இந்த வீட்டுக்கு வருகிறவர்களோ சிரித்த முகமாக வந்து, காபி குடித்து, "வர்றோம்பா" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு 'வர்றோம்பா'வும் அவனுக்குச் சுருக்கென்றது.

இது போதாது என்று கிரேஸி ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தாள். அவர்கள் சபையில் அது வழக்கம். ஆபத்திலிருந்து தப்பியவர்கள், ஆபரேஷன் முடிந்து பிழைத்தவர்கள் குடும்பத்தோடு எழுந்து நிற்க வேண்டும். ஆயர் பெயர் சொல்லி ஜெபம் பண்ணுவார். சபையே ஆமென் சொல்லும். ஜெஸ்டன் நிற்க மாட்டேன் என்றுவிட்டான்.

"போட்டு இன்னும் மணல்ல கெடக்குது. அதுக்குள்ள இன்னா தோத்திரம்?"

"அதுல நீங்க இருந்திருந்தா?"

"இருந்தவங்க எல்லாம் உயிரோடதான இருக்காங்க."

"அப்ப அழுவறதுக்கு இன்னா இருக்குது? இரும்புக்குப் போயி," என்றாள் கிரேஸி.

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே அது அதிகம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் கோபத்தில் வந்த வார்த்தையை வாபஸ் வாங்குகிற பழக்கம் அந்த வீட்டில் ரெண்டு பேருக்குமே இல்லை. அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு புயலுக்கும் டி.வி. முன்னால் உட்கார்ந்து, டியூட்டியில் ஊசி போடும்போதுகூடக் காதைச் செல்போனில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியவள் அவள். ஒரே ஒரு தடவை ஆண்டவர் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார், அதற்கு நன்றி சொல்லக்கூட இந்த மனுஷன் விடவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம். அதற்கப்புறம் ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியான டியூட்டிக்குக் கிளம்பும்போது மட்டும், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு "வர்றேன்" என்பாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த வார்த்தையை அவள் விட்டதில்லை.

சனிக்கிழமை முழுக்க அவன் போனும் கையுமாகவே இருந்தான். வீட்டுக்கும் மொட்டைமாடிக்குமாக ஏறி இறங்கினான். கடல் ஏறியிருக்குமா, கயிறு கட்டியிருப்பார்களா, வலதுபக்கம் முதலில் அசையுமா இடதுபக்கமா என்று தனக்குத்தானே கணக்குப் போட்டான். ராஜேஷுக்கும் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் நிலா பளிச்சென்று வந்து கைலாசகிரி மலைக்கு மேலே நின்றது. வயிற்றெரிச்சலாக இருந்தது அதைப் பார்க்க.

ஞாயிற்றுக்கிழமை காலை கிரேஸி கோவிலுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இஸ்திரி போட்ட சட்டையை நாற்காலியில் போட்டு வைத்திருந்தாள், ஒன்றும் சொல்லாமல். போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ராஜேஷிடமிருந்து போட்டோ வந்தது. இழுக்க ஆரம்பித்தவுடனே நீல்ரேகாவின் முதுகு முறிந்துவிட்டதாம். இத்தனை நாள் அலையில் அடிபட்டு அடிபட்டு உள்ளே ஏற்கெனவே விட்டுப்போயிருந்திருக்கிறது. முன்பாதி மணல்மேல் நின்றது. பின்பாதி, இன்ஜின் அறை இருந்த பாதி, அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. போட்டோவில் அந்த இடத்தில் வெறும் அலைதான் இருந்தது.

ஜெஸ்டன் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத எரிச்சல். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்று தொலைத்துவிடலாம், ஆயர் என்னத்தையாவது சொல்லட்டும், சபை ஆமென் போடட்டும், இந்த ஊரில் இதற்கு மேல் எதிர்பார்த்தது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டான்.

கிரேஸி வந்து போனை எடுத்துப் பார்த்தாள். பெரிசாக்கிப் பார்த்தாள். பின்பாதி எங்கே என்று தேடுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. தேடிக்கொண்டிருந்தவள் முன்பு அந்த இன்ஜின்மேல் வைத்த உள்ளங்கையைப் புடவையில் ஒரு தரம் துடைத்துக்கொண்டாள். பிறகு தன்னுடைய போனை எடுத்து ஆயரை அழைத்தாள்.

"ஐயா, கிரேஸி பேசறேன். இன்னிக்கு எங்க தோத்திரம் வேணாங்கையா. இன்னொரு நாளு பாத்துக்கலாம். வீட்ல ஒரு துக்கம்."

அந்தப் பக்கம் ஆயர் பதறிப்போய் யார், என்ன என்று கேட்பது இங்கே வரைக்கும் கேட்டது.

"இவருகூட ஒம்பது வருஷம் இருந்தவங்கையா," என்றாள்.

கட்டிய புடவையை மாற்றிப் பழசைக் கட்டிக்கொண்டாள். அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. தெருமுனைக் கடையில் இட்லி வாங்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்து, அவளும் தரையில் உட்கார்ந்தாள். அவனாக வலதுபக்கத்து இன்ஜினைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான், பாதியில் விட்டான். அவள் அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் செத்துப்போன எத்தனையோ பேரின் சொந்தக்காரர்களுடைய கையை அப்படிப் பிடித்துப் பழகியவள் அவள்.

மத்தியானம் டியூட்டிக்கு நேரமாயிற்று. கிரேஸி எழுந்து, யூனிபார்ம் மாற்றி, பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கோவிந்தம்மாள் எதிர்வீட்டிலிருந்து கோவிலுக்குப் போகவில்லையா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தாள். ஜெஸ்டனும் எழுந்து கதவுவரை வந்தான், தினமும் கேட்கிற அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு.

அவள் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல் படி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் தெருமுனைவரை நடந்து போனாள்.

கோபமில்லை அது. கோபமாக இருந்த நாட்களில் எல்லாம் காலண்டரைப் பார்த்தாவது 'வர்றேன்' என்று சொன்னவள் அவள். ஊரெல்லாம் வந்து காபி குடித்துவிட்டுப் போயிற்று. நீல்ரேகாவுக்குத் துக்கம் கேட்டவள் அதைச் சக்களத்தி என்று திட்டிக்கொண்டிருந்த ஒருத்திதான். ஜெஸ்டன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து, அத்தனை நாள் வராத அழுகையை அழுதான்.